மலையில் போட்ட கேட் செக்கிங்

தம்பிகளா, தங்கைகளா, மலையேற ஆட்களைக் கூட்டிப்போகிற நம் ஒரகடம் ஆபீஸ் சுவரில் நீங்கள் ஒட்டி வைத்திருக்கிற பட்டியலைப் படித்தேன். கையுறை, மாத்திரை, தண்ணீர், தலைவிளக்கு, எல்லாம் சரி. என்னைக் கேட்டிருந்தால் முதல் வரியில் வேறொன்றை எழுதியிருப்பேன். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே எவனாவது “நல்லா கீறேன்” என்று சொன்னால் அவனைச் சந்தேகப்படுங்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் அது. அடுத்த மாதம் உங்களோடு வரப்போகிறவர்கள் எல்லாரும் கம்பெனி லைனில் நின்று வேலை செய்கிறவர்கள். லீவுக்காக சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிப் பழகியவர்கள். உங்களிடம் மட்டும் உண்மை பேசுவார்கள் என்று நம்பினால் நீங்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

ஆனால் சந்தேகப்படத் தெரிந்தால் மட்டும் போதாது. யாரைச் சந்தேகப்படுவது என்பதில்தான் நான் சறுக்கினேன். ஒரு மனுஷன் செத்திருப்பான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் இதை முழுசாகச் சொன்னதில்லை, எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லாததால்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். கிடையாது. அது கம்பெனி கொடுத்த குணம். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருந்த ஒரு இன்ஜின் கம்பெனியில் எழுபதுகளில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். மணிமங்கலத்திலிருந்து சைக்கிளில் போய் வருவேன். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே போகும்போது கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பது என் வேலை. வரிசையாக வருவார்கள், இரண்டு கையையும் தூக்குவார்கள், நான் இடுப்பு, பாக்கெட், டிபன் பாக்ஸ் எல்லாம் பார்ப்பேன். பத்து வருஷத்துக்கு மேல் இதே வேலை. தாமிரக் கம்பியைச் சோற்றுக்குள் புதைத்துக் கொண்டுபோனவனைப் பிடித்திருக்கிறேன். எவன் தூரத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறானோ அவன் டிபனில்தான் சரக்கு இருக்கும்.

இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டேன். கெட்டிக்காரத் திருடன் சரக்கைத் தன் டிபனில் வைத்துக்கொள்ள மாட்டான். ஒரு ஏமாந்தவன் டிபனில் வைத்து அனுப்பிவிட்டு, வெளியே டீக்கடையில் வாங்கிக்கொள்வான். அதனால் கேட்டில் எது பிடிபட்டாலும் எங்கள் முதல் கேள்வி, “யார்ரா குடுத்தது?” என்பதுதான். எடுத்தாயா என்று கேட்கவே மாட்டோம். இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்ட வாய் இது. கேட்டே ஆக வேண்டிய ஒரு நாளில் கேட்காமல் போனது.

கம்பெனியில் மலையேறும் சங்கம் ஒன்று இருந்தது. வடக்கே போய் ஒரு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்த ஒரே ஆள் நான். அதனால் நானே அதற்குத் தலைவன். எண்பதுகளில் கம்பெனி தண்ணீர் இறைக்கும் இன்ஜின்களை டான்சானியாவுக்கு அனுப்பியது. அதைப் பூட்டிக் கொடுக்க ஐந்து பேர் போனார்கள், கூடவே சாமான்களுக்குக் காவலாக நான். மூன்று மாதம் வேலை. முடிந்ததும் அங்கிருந்த எங்கள் மேனேஜர், இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், கிளிமஞ்சாரோ ஏறிவிட்டுப் போங்கள், கம்பெனிக்கும் ஒரு போட்டோ கிடைக்கும் என்றார். ஆப்பிரிக்காவிலேயே உயரமான மலை. ஆறு நாள் பயணம். வழியில் மூன்று இடங்களில் தங்குவதற்கு மரக் குடிசைகள் உண்டு. ஒரு நிபந்தனை போட்டார். திரும்பியதும் ஒவ்வொருவனும் எப்படித் தாக்குப்பிடித்தான் என்று நான் அறிக்கை எழுதித் தரவேண்டும். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். கையில் நோட்டு இருந்தால் எனக்கு ஒரு தெம்பு.

அந்த ஐந்து பேரில் ஏகாம்பரத்தை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். படப்பைக்காரன், ஃபிட்டர், நாற்பது வயசு இருக்கும். பிரஸ் மெஷின் அவன் இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வருஷம் யார்டில் பெருக்கவிட்டார்கள். யார் யார் காலிலோ விழுந்து மறுபடி ஃபிட்டர் வேலைக்கு வந்தவன். வாய் ஓயாது, எல்லாரையும் சிரிக்கவைப்பான். என்னைக் கேட்டண்ணே என்று கூப்பிடுவான், கேட்டில் நிற்கிற அண்ணன் என்பதால். எனக்கு அது பிடிக்காது.

மலையில் எங்களுக்கு ஒரு வழிகாட்டி. என் வயசுதான். அந்த மலையடிவாரத்துக்காரர். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார், நானும் கொஞ்சம் பேசுவேன், இரண்டும் சேர்ந்து ஒரு பேச்சு ஆகும். எங்கள் ஆட்கள் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு உதவியாளர், ஒரு சமையல்காரர், சுமைதூக்க பதினோரு பேர். முதல் நாளே ஆட்களை உட்காரவைத்து என் சட்டத்தைச் சொன்னேன். உயரம் ஏற ஏற உடம்பு கெடும். கெட்டால் முதலில் சோறு இறங்காது. அதனால் வேளாவேளைக்கு நான் தட்டைப் பார்ப்பேன். தட்டு காலியானால் அவன் மேலே வரலாம், மீதி வைத்தவன் கீழே போகலாம் என்றேன். நானே என்னை மெச்சிக்கொண்டேன். திருடர்களைக் கூட்டிவைத்து, எந்தப் பாக்கெட்டைத் தடவப்போகிறேன் என்று முன்கூட்டியே சொன்ன முதல் வாட்ச்மேன் நான்தான்.

இரண்டாம் நாள் இரண்டாவது குடிசைக்குப் போனோம். உடம்பு பழகுவதற்காக மூன்றாம் நாளும் அங்கேயே தங்கல். தட்டுகள் எல்லாம் கழுவிவைத்த மாதிரி காலி. ஏகாம்பரம் தட்டுதான் முதலில் காலியாகும். “சூப்பரா கீறேன் கேட்டண்ணே,” என்று அவனே வந்து காட்டிவிட்டுப் போவான். நான் நோட்டில் டிக் போட்டேன்.

என் கண்ணெல்லாம் வேறிடத்தில் இருந்தது. சுமைதூக்குகிறவர்களில் ஒருவர், நெடுநெடுவென்று ஒல்லியான ஆள், பெரிய பிள்ளைகள் இருக்கிற வயசு, கிழிந்த ஸ்வெட்டர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தூரத்திலேயே சிரித்தார். எனக்குப் பொறி தட்டிவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவர் எதையோ துணியில் சுற்றித் தன் மூட்டைக்குள் சொருகுவதை இரண்டு தடவை பார்த்தேன். எங்கள் சாப்பாட்டுச் சாமான் போகிறது என்று முடிவு கட்டினேன். அந்தக் குளிரில் அந்த ஆட்களுக்கு நாளைக்கு ஒரு வேளைதான் மாவுக்களி என்பது எனக்குத் தெரியும். பசிக்கிறவன் திருடுவான் என்று கணக்குப் போட்டேனே தவிர, பசிக்கிறதே என்று யோசிக்கவில்லை. இதை வெட்கப்பட்டுத்தான் சொல்கிறேன்.

நான்காம் நாள் காலை, மூன்றாவது குடிசைக்குக் கிளம்புகிற நேரம். சுமைகளைக் கட்டித் தலையில் தூக்கப்போனார்கள். நான் குறுக்கே போய் நின்று, இறக்கு என்றேன். பதினோரு பேரையும் வரிசையில் நிறுத்தினேன். கையைத் தூக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். காற்று கத்தி மாதிரி வெட்டுகிறது, அவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், நான் ஒவ்வொருவராகத் தடவிக்கொண்டு வருகிறேன். கம்பெனி கேட்டில் நிற்பதாகவே எனக்கு நினைப்பு. மேஸ்திரி ஓடிவந்து என்ன இது என்று கேட்டார். என் ஆட்களின் சாமானுக்கு நான் பொறுப்பு என்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஒல்லி மனுஷரின் மூட்டையில் சரக்கு கிடைத்தது. ஒரு பழைய துணியில் சப்பாத்தியும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது, சொந்தத் தங்கைக்குக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை எங்கள் ஆட்கள் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று நினைத்தேன். ஏகாம்பரம் அப்போது ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகக் கட்டினான்.

மேஸ்திரி, அவருக்கும் வாய் இருக்கிறது, கேளுங்கள் என்றார். கேட்பதற்கு என்ன இருக்கிறது, இந்த ஆள் இனிமேல் வேண்டாம், கீழே அனுப்புங்கள் என்றேன். ஊரில் பிடிபட்டவன் நம் ஆள், அதனால் அவனுக்குப் பின்னால் யாரோ இருப்பான் என்று மரியாதையாக நினைப்பேன். இவர் கறுத்த, ஏழை, பாஷை தெரியாத வெளியாள். திருடன் என்று உடனே நம்புவதற்கு எனக்கு அது போதுமாக இருந்தது. மேஸ்திரி அந்தச் சுமையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வழி நெடுக என் பக்கத்தில் நடந்து இது அது என்று சொல்லிக்கொண்டு வந்த மனுஷர், கடைசி ஆளாகப் பின்னால் போய்விட்டார்.

இரண்டாவது குடிசைக்கு மேலே கொஞ்ச தூரத்தில் செடி கொடி எல்லாம் நின்றுவிடும். அப்புறம் ஒரு பெரிய கல் பொட்டல். மரமில்லை, புல்லில்லை, மணிக்கணக்காக நடக்கவேண்டும். மத்தியானம் ஒரு பாறை மறைவில் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிடுவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். கேட்டில் சரக்கு பிடித்தால் அதைப் பட்டியல் போட்டு எழுதவேண்டும். பழக்க தோஷம். காலையில் பிடுங்கி என் பையில் போட்டிருந்த அந்தத் துணிச்சுருளை எடுத்துப் பிரித்து, நோட்டில் எழுத ஆரம்பித்தேன். சப்பாத்தி ஐந்து. முட்டை இரண்டு. உருளைக்கிழங்கு மூன்று. ஊறுகாய்.

ஊறுகாய் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

சப்பாத்தி மடிப்புக்குள் நார்த்தங்காய் ஊறுகாய் தடவியிருந்தது. அது என் வீட்டு ஊறுகாய். மணிமங்கலத்திலிருந்து வந்த கடைசி பாட்டில். யாரையும் நம்பாமல் அதை நான் என் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். வேளைக்கு ஒரு துண்டு, என் கையால் அவரவர் தட்டில் வைப்பேன். சமையல்காரருக்குக்கூட அதைத் தொட அனுமதி கிடையாது. அப்படியானால் இந்தச் சப்பாத்தி சாமான் மூட்டையிலிருந்து வரவில்லை. என் ஐந்து ஆட்களில் ஒருவன் தட்டிலிருந்து வந்திருக்கிறது. திருடியதில்லை, கொடுத்தது. எவனோ சோறு இறங்காமல், தட்டைக் காலி பண்ணிக் காட்டுவதற்காகக் கொடுத்திருக்கிறான். அதுவும் ஒரு வேளை இல்லை. ஐந்து சப்பாத்தி என்றால் இரண்டு நாளாக.

நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று கேட்டால் ஒருவனும் சொல்ல மாட்டான், அது எனக்குத் தெரியும். எழுந்துபோய் ஆளுக்கொரு சப்பாத்தியைக் கையில் கொடுத்து, என் முன்னால் தின்னுங்கள் என்றேன். நாலு பேர் தின்றார்கள். ஏகாம்பரம் ஒரு விள்ளல் வாயில் போட்டான். மென்றான், மென்றான், இறங்கவில்லை. சிரித்தான். அப்புறம் பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீர்தான் வந்தது. எழுந்து நிற்கப் போனவன் குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தான். நான் போய்ப் பிடித்தேன். நெஞ்சில் கரகரவென்று சத்தம். எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டேன். முந்தாநாளிலிருந்து என்றான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வலியை விழுங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறான்.

“ஏன்டா சொல்லல?” என்றேன்.

“நீ எழுதிடுவியேண்ணே,” என்றான். “அன்ஃபிட்டுன்னு ஒரு வார்த்தை நோட்டுல ஏறிச்சின்னா திரும்ப தொடப்பத்தத்தான் குடுப்பான். இன்னும் ரெண்டு நாளு தாங்கிக்கினா போதும்னு பாத்தேன். அந்த ஆளு மேல தப்பு இல்லண்ணே. நாந்தான் வாயில வெரல வெச்சி, சொல்லாதன்னு காட்டினேன்.”

அந்தத் தேள் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது கவனமாகக் கேளுங்கள், இதுதான் தொழில். மூன்றாவது குடிசை கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே போனால் கூரை இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது. திரும்பினால் பொட்டல் முழுக்க மறுபடி நடக்கவேண்டும். என் ஆட்களில் ஒருவன் மேலேயே போய்ப் படுக்கவைக்கலாம் என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அப்படிச் செய்திருந்தால் ஏகாம்பரத்தைப் பெட்டியில் வைத்துத்தான் படப்பைக்குக் கொண்டுபோயிருப்போம். அந்த மாதிரி நேரத்தில் மருந்து ஒன்றே ஒன்று, கீழே இறங்குவது. அது எனக்குத் தெரியும். ஆனால் இறக்குவதற்கு ஆள் வேண்டும். நான் போய்க் கேட்கவேண்டியது மேஸ்திரியிடம்.

அவர் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தார். போய் நின்றேன். தப்பு பண்ணிவிட்டேன் என்று இங்கிலீஷில் சொல்ல எனக்கு வார்த்தை வந்தது, வாய்தான் வரவில்லை. சப்பாத்தியை நீட்டி, ஏகாம்பரத்தைக் காட்டினேன். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை. நேற்று மாலையே அவன் கால் தள்ளாடுவதைப் பார்த்தாராம். காலையில் என்னிடம் சொல்லலாம் என்று வரும்போதுதான் நான் வரிசை கட்டி நிறுத்தியிருந்தேனாம். அப்புறமும் அவர் சொல்லியிருக்கவேண்டும், அது அவர் தப்பு, அதையும் அவரே சொன்னார். கோபத்தில் பேசாமல் இருந்துவிட்டேன், மலையில் அது கூடாது என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். அதை அப்படியே தமிழில் தருகிறேன். “பதினோரு மூட்டையைத் தேடுனீங்க. உங்க ஆளுங்க அஞ்சே பேரு. அவங்க மூஞ்சைப் பாத்தீங்களா?”

மற்ற நாலு பேரை உதவியாளரோடு மேலே அனுப்பிவிட்டு நாம் இறங்கலாம் என்று அவரே யோசனை சொன்னார். நான் வேண்டாம் என்றேன். நாலு பேரும் நல்லா கீறோம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதனாலேயே எல்லாரையும் இறக்கினேன். என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அதில் ஒருவன் பல வருஷம் கழித்துப் பென்ஷன் ஆபீசில் பார்த்தபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும், பேசாமல் இருப்பதற்கு உயிரோடு இருக்கிறானே.

ஏகாம்பரத்தை இரண்டு பேர் தோளில் தாங்கி மாற்றி மாற்றிக் கொண்டுவந்தோம். பாதி வழியில் அவன் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, ஷிப்டுக்கு லேட்டாகிறது, கேட்டைத் திறங்கள் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டாவது குடிசைக்கு வந்தபோது ஆள் நிற்கவே இல்லை. அங்கே நோயாளியைத் தள்ளிக்கொண்டுபோகிற ஸ்ட்ரெச்சர் ஒன்று உண்டு, அதை அன்று காலையில்தான் வேறு யாருக்கோ கீழே கொண்டுபோயிருந்தார்கள். தூக்கி வந்தவர்கள் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் பல மணி நேரம் இறங்கவேண்டும்.

குடிசை ஓரத்தில் அந்த ஒல்லி மனுஷர் இருந்தார். வெறுங்கையோடு ஊருக்குப் போக மனசில்லாமல், இறங்குகிற கூட்டம் ஏதாவது வந்தால் சுமை கிடைக்குமா என்று காத்திருந்தாராம். எழுந்து வந்து ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தார். குனிந்து முதுகைக் காட்டினார். மேஸ்திரி துணியால் வைத்துக் கட்டினார். அந்த ஒல்லி உடம்பு ஏகாம்பரத்தைச் சுமந்துகொண்டு நடந்த வேகத்துக்கு வெறுங்கையோடு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இருட்டுவதற்குள் முதல் குடிசை. அங்கே மூச்சு கொஞ்சம் சீரானது. விடிந்ததும் ஏகாம்பரம் கஞ்சி கேட்டான். தட்டை நான் பார்க்கவில்லை, அவன் தொண்டையைப் பார்த்தேன். இறங்கியது.

அறிக்கையில் என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். மலையேற்றம் பாதியில் நின்றதற்குக் காரணம் தலைவனின் தவறு என்று எழுதினேன். பொய் இல்லை. சங்கத் தலைவன் பதவி இரண்டு வருஷம் என்னிடமிருந்து போனது. ஏகாம்பரம் ரிட்டயர்டு ஆகிறவரைக்கும் ஃபிட்டராகவே இருந்தான். அதற்குப் பிறகு நான் கூட்டிப்போன எந்தக் கூட்டத்திலும் ஆட்களைப் பற்றி நோட்டு வைத்துக்கொண்டதில்லை. உங்கள் கையில், வருகிறவர்களுக்கு மார்க் போடுகிற ஒரு தாளைப் பார்த்ததால்தான் இவ்வளவும் சொல்கிறேன். உன்னைப் பார்த்துப் பயப்படுகிறவன் உன்னிடம் உடம்பைக் காட்ட மாட்டான். நன்றாகச் சந்தேகப்படுங்கள், ஆனால் மாட்டிக்கொண்டவனுக்குத் தண்டனை கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஏகாம்பரம் கஞ்சி குடித்த அன்று மத்தியானம் மலையடிவாரத்துக்கு வந்தோம். அங்கேயும் ஒரு கேட், ஒரு காவல்காரர். ஏகாம்பரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் நின்றது. ஒல்லி மனுஷர் அவனை முதுகிலிருந்து இறக்கி, பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, காலை நேராக்கிவிட்டார். அப்புறம் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். நான் கேட் பக்கத்தில் நின்றிருந்தேன். நன்றி சொல்லவேண்டும் என்றுதான் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் அவர் நின்றார். மூட்டையைத் தரையில் வைத்து, முடிச்சை அவிழ்த்து, துணியை நாலு பக்கமும் விரித்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

குத்திக்காட்டினாரா, இல்லை இந்த வெளிநாட்டு ஆட்கள் ஊரில் இதுதான் வழக்கம், இந்த ஆளைத் தாண்டிப் போனால் இப்படி நிற்கவேண்டும் என்று நினைத்தாரா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நான் அவர் கைகளைப் பிடித்து இறக்கினேன். குனிந்து அந்த மூட்டையைக் கட்டப்போனேன். முடிச்சு சரியாக விழவில்லை. அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தானே கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனார்.